வீடும் வாசலும்: மரத் தரைக்கு மூன்று தண்ணீர்

நாமக்கல்லிலிருந்து ஒரு சகோதரி நீளமாகக் கடிதம் எழுதியிருக்கிறார். கணவருக்குச் சொந்த ஊர் கொல்லிமலையில் வளப்பூர் நாடு. பாட்டன் காலத்து நிலத்தில் சிறியதாக ஒரு வீடு எழும்பிக் கொண்டிருக்கிறது. அத்தையும் மாமாவும் மலையிலேயே இருக்கப் போகிறார்கள். அத்தைக்கு மூட்டுவலி. மார்கழிக் குளிரில் சிமெண்டுத் தரையில் கால் வைக்க முடியவில்லை என்கிறாராம். தோட்டத்தில் காய்ப்பு ஓய்ந்த பலாமரம் ஒன்று நிற்கிறது. அதை அறுத்து, பன்னிரண்டுக்குப் பத்து அடியுள்ள கூடத்துக்கு மரத்தில் தரை போடலாமா என்பது கேள்வி. "கையில் இருக்கும் பணத்துக்கு ஒரு தடவைதான் செய்ய முடியும். கெட்டுப் போனால் மறுபடி செய்ய வழியில்லை" என்றும் எழுதியிருக்கிறார்.

அந்தக் கடைசி வரிக்காகத்தான் இந்த வாரப் பகுதி முழுவதையும் இதற்கே ஒதுக்கி விட்டோம். ஏற்காட்டிலோ கொடைக்கானலிலோ வீடு கட்டுகிற மற்ற வாசகியருக்கும் இது உதவும்.

வளப்பூர் நாட்டை அறியாதவர்களுக்கு இரண்டு வார்த்தை. கொல்லிமலையில் பல ஊராட்சிகளின் பெயர் 'நாடு' என்றே முடியும். வாழவந்தி நாடு, சேளூர் நாடு, குண்டூர் நாடு என்கிற வரிசையில் வளப்பூர் நாடும் ஒன்று. அறப்பளீசுவரர் கோயிலும் ஆகாய கங்கை அருவியும் இருக்கிற பக்கம். காரவள்ளி அடிவாரத்திலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகள் ஏறி, கடல் மட்டத்துக்கு ஆயிரம் மீட்டருக்கு மேலே போக வேண்டும். மலையில் பலா, மிளகு, காபி எல்லாம் செழிப்பு. மழையும் பனியும் தாராளம். மலையின் பழைய வீடுகளுக்கு மண் சுவர், புல் கூரை, சாணம் மெழுகிய தரை. அந்தத் தரை காலைச் சுடாது, கடிக்காது. சிமெண்டு வந்த பிறகுதான் குளிரும் கூடவே வந்தது.

மரத் தரையில் குளிர் தெரியாது என்பது உண்மையே. கருங்கல் நம் உள்ளங்காலின் சூட்டை மரத்தைவிட மிக வேகமாக உறிஞ்சி விடுகிறது. கல்லும் பலகையும் ஒரே அறையில் ஒரே குளிரில் கிடந்தாலும், கால் கல்லைத்தான் குளிர்கிறது என்கிறது. மரத் தரையால் மூட்டுவலி தீர்ந்து விடாது; ஆனால் விடியற்காலையில் எழுந்து நடக்கிற பயம் குறையும்.

மரத் தரைக்கு எமன் கரையான் என்று பலரும் நினைக்கிறார்கள். கரையானைக் கூப்பிடுவதே தண்ணீர்தான். அந்தத் தண்ணீர் மூன்று வழியாக வரும். தரைக்குக் கீழே இருந்து வருவது ஒன்று. மரத்துக்குள்ளேயே ஒளிந்திருப்பது ஒன்று. நம் கை வாளியிலிருந்து கொட்டுவது ஒன்று. மூன்றையும் அடக்கினால் தரை பேரன் பேத்தி காலத்துக்கும் இருக்கும். ஒன்றை விட்டாலும் இரண்டாம் மழையில் பலகை தூக்கிக் கொள்ளும்.

முதலில் மரம்

பலாவைப் பற்றித் தயங்க வேண்டாம். தஞ்சாவூர் வீணைக்குக் குடம் செய்கிற மரம் அது. கேரளத்திலும் இலங்கையிலும் கதவு, நிலை, கட்டில் என்று காலங்காலமாகப் பலாவைத்தான் இழைத்திருக்கிறார்கள். புதிதாக அறுத்தால் மஞ்சளாக இருக்கும். வருஷம் போகப் போகப் பழுப்பேறி அழகாகும். அந்த மஞ்சளைக் காய்ச்சித்தான் இலங்கையிலும் பர்மாவிலும் பிக்ஷுக்களின் ஆடைக்குச் சாயம் ஏற்றினார்கள். வைரம் பாய்ந்த பலாக் கட்டையைக் கரையான் எளிதில் தொடாது.

'வைரம் பாய்ந்த' என்ற வார்த்தையைக் கவனியுங்கள். மரத்தின் வெளிவட்டத்தில் இருக்கிற வெளிறிய கட்டைக்கு அந்தக் காவல் கிடையாது. தேக்கானாலும் சரி, பலாவானாலும் சரி, வெள்ளைக் கட்டை உளுத்துப் போகும். பலகையில் வெள்ளை ஓரம் இருந்தால் அதைச் சீவித் தள்ளி விடச் சொல்லுங்கள். காய்ப்பு ஓய்ந்த கிழ மரம் நடுவில் பொந்து விழுந்திருக்கவும் கூடும். வெட்டுமுன் கோடரியின் பின்புறத்தால் அடிமரத்தைத் தட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். 'டொக் டொக்' என்று வெற்றோசை வந்தால் கணக்கே மாறிவிடும்.

சொந்த மரம்தானே என்று நினைத்து விடவும் கூடாது. மலைப் பகுதிகளில் மரங்களைக் காப்பதற்கென்றே 1955ல் தனிச் சட்டம் வந்திருக்கிறது. வெட்டிய மரத்தை லாரியில் ஏற்றி இறக்குவதற்கு 1968ல் ஏற்பட்ட விதிகளும் இருக்கின்றன. உங்கள் நிலத்துக்கும் உங்கள் மரத்துக்கும் எது பொருந்தும் என்பதை வனச்சரக அலுவலகத்தில் கேட்டு, அனுமதியை எழுத்தில் வாங்கிக் கொண்டு கோடரியைத் தொடுங்கள்.

ஒரு மரம், ஒரு அறை

இனிக் கணக்கு. மரத்தின் சுற்றளவு ஐந்து அடி, நேராக உள்ள அடிமரம் பத்தடி என்று எழுதியிருக்கிறீர்கள். மரக்கடையில் போடும் கணக்கு இது: சுற்றளவில் கால் பங்கை எடுத்து, அதை அதனாலேயே பெருக்கி, நீளத்தால் பெருக்க வேண்டும். 60 அங்குலத்தில் கால் பங்கு 15. பதினைந்தைப் பதினைந்தால் பெருக்கினால் 225. அதைப் பத்தடியால் பெருக்கி 144ஆல் வகுத்தால் சுமார் பதினைந்தரை கன அடி. இதில் பட்டை, வெள்ளைக் கட்டை, வாள் தின்னும் தூள் எல்லாம் போக, நல்ல பலகையாக வருவது பாதிதான். எட்டு கன அடி கிடைத்தால் அதிர்ஷ்டம்.

உங்கள் கூடம் 120 சதுர அடி. முக்கால் அங்குலத் தரைக்கு ஓரங்குலப் பலகையாக அறுத்து இழைக்க வேண்டும். அதற்கே பத்து கன அடி. சேதாரம் ஐந்தில் ஒரு பங்கு சேர்த்தால் பன்னிரண்டு. ஆகவே ஒரு மரம் கூடத்துக்குப் போதாது. மீதி நாலு கன அடிக்கு வெளியில் மரம் வாங்கினால் நிறமும் சேராது, பட்ஜெட்டும் உதைக்கும்.

நாம் சொல்வது இது: கூடத்தை விட்டு விடுங்கள். அத்தை படுக்கிற அறை பத்துக்கு எட்டு என்று எழுதியிருக்கிறீர்களே, அதற்குப் போடுங்கள். 80 சதுர அடிக்குச் சேதாரத்தோடு எட்டு கன அடி. மரமும் அறையும் அளவெடுத்தாற்போல் பொருந்துகின்றன. அடியில் கொடுக்கிற சட்டங்களுக்கு மட்டும் ஒன்றரை கன அடி மரம் தனியாக வாங்கினால் போதும். குளிருக்குப் பயந்து கால் வைக்கிற இடம் கட்டிலடிதானே? கூடம் கல்லாகவே இருக்கட்டும். அங்கே வருகிறவர் போகிறவரின் சேற்றுக் காலும் உண்டு.

சொந்த மரம் இல்லாதவர்களுக்கு ஒரு வார்த்தை. தேக்கு எல்லா வகையிலும் உத்தமம். விலைதான் உத்தமம் அல்ல. 'பர்மா தேக்கு' என்று கடைக்காரர் சொன்னால் ரசீதில் எழுதித் தரச் சொல்லுங்கள். மியான்மர் 2014 ஏப்ரல் முதல் முழுக் கட்டைகளின் ஏற்றுமதியை நிறுத்தி விட்டது. இன்று வருகிற வெளிநாட்டுத் தேக்கில் பெரும்பகுதி ஆப்பிரிக்க, தென் அமெரிக்கத் தோட்டங்களில் வளர்ந்தது. வேங்கை நல்ல உறுதி. ஆனால் ஈரம் பட்டால் சாயம் விடும். வேங்கைக் குவளையில் ஊற்றிய தண்ணீர் நிறம் மாறுவதைப் பார்த்திருப்பீர்களே! காபித் தோட்டங்களில் நிழலுக்கு நிற்கிற சில்வர் ஓக், பெயர்தான் ஓக். தரைக்கு ஏற்ற உறுதியும் ஆயுளும் அதற்கு இல்லை. கடையில் 'மரத் தரை' என்று விற்கும் லாமினேட் அநேகமாக மரத்தூள் பலகைமேல் ஒட்டிய மரப் படம்தான். மலை ஈரத்தில் அதன் ஓரங்கள் ஊதும்.

கீழே இருந்து வரும் தண்ணீர்

மலைச் சரிவில் வீடு கட்டினால் மேட்டுப் பக்கத்து மழைநீர் அஸ்திவாரத்தைத் தேடி வரும். மேட்டுப் பக்கம் ஒரு வாய்க்கால் வெட்டி நீரைத் திருப்பி விடுங்கள். தரைமட்டம் வெளி மண்ணைவிட ஒன்றரை அடியாவது உயரட்டும். கரையான் மருந்து அடிப்பதானால் கட்டடம் எழும்போதே, அடித்தளத்து மண்ணில் அடிக்க வேண்டும்.

அடியில் போட்ட கான்கிரீட் வெளுத்து விட்டதாலேயே காய்ந்து விட்டது என்று நம்பாதீர்கள். நீராற்றி முடித்த பிறகு, அங்குலத்துக்கு ஒரு மாதம் என்று கணக்கு வைத்துக் கொள்ளுங்கள். நாலு அங்குலத் தளத்துக்கு நாலு மாதம். மழைக் காலமானால் இன்னும் கூட.

சோதனை சுலபம். இரண்டடிச் சதுரத்துக்குக் கனமான பிளாஸ்டிக் தாளை வெட்டித் தளத்தின்மேல் விரித்து, நாலு ஓரமும் காற்றுப் புகாதபடி டேப் ஒட்டுங்கள். ஒரு நாள் முழுவதும் விட்டு மறுநாள் தூக்கிப் பாருங்கள். அடியில் முத்து முத்தாக வேர்த்திருந்தாலோ, தளம் அந்த இடத்தில் கறுத்திருந்தாலோ, ஆசாரியை அடுத்த மாதம் வரச் சொல்லி விடுங்கள். அவர் "பரவாயில்லை அம்மா, போட்டு விடலாம்" என்பார். நீங்கள் தலையசைக்காதீர்கள்.

காய்ந்த தளத்தின்மேல் கனத்த பாலிதீன் தாளை அரையடி ஒன்றன்மேல் ஒன்று ஏறும்படி விரித்து, சுவரோரம் மேலே மடித்து விட வேண்டும். அதன்மேல்தான் சட்டம்.

மரத்துக்குள் இருக்கும் தண்ணீர்

பச்சை மரத்தில் தரை போடுவது, நனைந்த துணியில் ரவிக்கை தைப்பது போல. காய்ந்ததும் எங்கெங்கோ இழுக்கும். அறுத்த பலகைகளை நிழலில், தரையிலிருந்து ஓரடி உயர்த்தி, இரண்டு பலகைகளுக்கு நடுவே குறுக்குக் குச்சி வைத்துக் காற்றோட அடுக்குங்கள். ஆறு மாதமாவது கிடக்கட்டும். அவசரமானால் சமவெளி மர அறுவை மில்களில் சூளை வைத்து உலர்த்துகிற இடங்கள் இருக்கின்றன.

காய்ந்து விட்டதா என்று எப்படித் தெரியும்? ஈரம் அளக்கும் சிறு மீட்டர் கடையில் கிடைக்கிறது. அது இல்லாவிட்டால் சமையலறைத் தராசு போதும். பலகையிலிருந்து ஒரு துண்டை வெட்டி, அடுக்கின் நடுவிலேயே வைத்து, வாரா வாரம் நிறுத்து எழுதி வாருங்கள். எடை குறைந்து கொண்டே வரும். தொடர்ந்து மூன்று வாரம் ஒரே எடை காட்டினால், மரம் அந்த ஊர்க் காற்றோடு சமாதானமாகி விட்டது என்று அர்த்தம். நாமக்கல்லில் உலர்த்திய மரம் மலைக்குப் போனால் மறுபடி ஈரம் குடிக்கும். ஆகையால் கடைசி இரண்டு வாரமாவது பலகைகள் எந்த அறைக்கோ அந்த அறையிலேயே இருக்க வேண்டும்.

எவ்வளவு உலர்ந்த மரமும் மழையில் கொஞ்சம் விரியும், கோடையில் சுருங்கும். நீளத்தில் அசையாது, அகலத்தில்தான் அசையும். தேக்கையே எடுத்துக் கொள்வோம். அதன் ஈரம் நூற்றுக்கு நாலு பங்கு கூடினால், எட்டடி அகலத் தரை அரை அங்குலத்துக்கும் மேலே விரியக் கூடும். அதற்கு இடம் விடாமல் சுவரோடு முட்டவிட்டால் தரை நடுவில் கூடாரம் போல் எழும்பும். அதனால் நாலு சுவரோரமும் அரையங்குல இடைவெளி விடச் சொல்லுங்கள். அதை மறைக்கிற சுவரடிப் பட்டியைச் சுவரில்தான் அடிக்க வேண்டும், தரையில் அல்ல.

பலகையின் நுனியையும் பாருங்கள். வட்டக் கோடுகள் செங்குத்தாக நின்றால் அந்தப் பலகை குறைவாக அசையும். படுத்திருந்தால் அதிகமாக அசையும், வளையவும் செய்யும். நின்ற கோட்டுப் பலகைகளை அறையின் நடுவுக்கும், மற்றதைக் கட்டிலடிக்கும் ஒதுக்கலாம். அகலம் நாலு அங்குலத்துக்கு மேல் வேண்டாம்.

வேலை தொடங்க நல்ல மாதம் தை, மாசி. ஐப்பசி, கார்த்திகை ஈரத்தில் போட்டால் கோடையில் இடுக்கு விழும். சித்திரை வெயிலில் நெருக்கிப் போட்டால் மழையில் முட்டிக் கொள்ளும்.

போடும் நாள்

சட்டங்கள் 16 அங்குலத்துக்கு ஒன்றாக, அறையின் குறுக்கே படுக்க வேண்டும். உங்கள் அறைக்கு எட்டடிச் சட்டம் ஒன்பது. பலகைகள் அவற்றின்மேல் நீளவாட்டில் ஓடும். ஒவ்வொரு பலகைக்கும் ஒரு விளிம்பில் நாக்கு, மறு விளிம்பில் பள்ளம் எடுத்து, ஒன்றுக்குள் ஒன்று செருக வேண்டும். ஆணி நாக்கின்மேல் சாய்வாக இறங்கினால் அடுத்த பலகை அதை மறைத்து விடும். காலில் ஆணித் தலை தட்டாது. துருப் பிடிக்காத ஆணியாக இருக்கட்டும். பலகையும் பலகையும் முனை சேரும் இடம் சட்டத்தின்மேல்தான் வர வேண்டும். பக்கத்துப் பக்கத்து வரிசைகளில் முனைகள் ஒரே கோட்டில் வரக் கூடாது. கூலியை ஒரே தடவையாகக் கொடுத்து விடாமல், சட்டம் படுத்ததும் ஒரு பங்கு, பலகை முடிந்ததும் ஒரு பங்கு, மெருகு ஆனதும் மீதி என்று பேசிக் கொள்ளுங்கள்.

மெருகு

முதலில் உப்புத்தாள். 40ஆம் நம்பர் முரட்டுத் தாளில் தொடங்கி 60, 80, 120 என்று படிப்படியாக ஏற வேண்டும். நடுவில் ஒரு படியைத் தாண்டினால் கீறல்கள் மெருகுக்குப் பிறகு பளிச்சென்று காட்டிக் கொடுக்கும்.

அதன்மேல் என்ன பூசுவது? நாற்காலிக்கு அழகான பிரெஞ்ச் பாலிஷ் தரைக்கு ஆகாது. ஈரத் தம்ளர் வைத்தால் வெள்ளை வளையம் விழும். பாலியூரிதேன் வார்னிஷ் மூன்று கை பூசினால் உறுதி, தண்ணீரையும் ஓரளவு தாங்கும். ஆனால் ஓரிடத்தில் உரிந்தால் அறை முழுவதையும் தேய்த்துத் திரும்பப் பூச வேண்டும். அதற்கு ஆள் மலையேறி வர வேண்டும்.

உங்களுக்கு நாம் சொல்வது ஆளிவிதை எண்ணெயும் தேன்மெழுகும். காய்ச்சிய ஆளிவிதை எண்ணெயை மெல்லியதாகத் தடவி, கால் மணி நேரத்தில் மிச்சத்தைத் துடைத்து விட்டு, நன்றாகக் காய விட வேண்டும். இப்படி மூன்று தடவை. பிறகு மெழுகு. மெழுகை வெந்நீர்ப் பாத்திரத்துக்குள் வைத்து உருக்குங்கள். அடுப்பை அணைத்து, பாத்திரத்தை வெளியே கொண்டு போன பிறகுதான் டர்பன்டைன் சேர்க்க வேண்டும். கீறல் விழுந்தால் அந்த இடத்தை மட்டும் நீங்களே தேய்த்துப் பூசிக் கொள்ளலாம். வருஷத்துக்கு ஒரு தடவை, பொங்கலுக்கு முன் ஒரு கை போதும்.

இதில் ஒரு பெரிய ஜாக்கிரதை உண்டு. ஆளிவிதை எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் போட்டால், அது தானே சூடேறித் தீப்பிடிக்கும். கதையல்ல, உண்மை. வேலை முடிந்ததும் துணிகளைத் தண்ணீரில் நனைத்து விடுங்கள், அல்லது வெளியே ஒவ்வொன்றாக விரித்துக் காய விடுங்கள்.

வாளித் தண்ணீர்

மூன்றாவது தண்ணீர்தான் நம் வீடுகளில் கடினமானது. கீழே வருவதைப் பாலிதீன் தடுக்கும். உள்ளே இருப்பதை வெயில் குடிக்கும். வெள்ளிக்கிழமைதோறும் வாளி வாளியாக ஊற்றிக் கழுவுகிற கையை யார் தடுப்பது? நாற்பது வருஷமாக வீட்டைக் கழுவியே வைத்திருந்த அத்தைக்கு, 'கழுவாதீர்கள்' என்பது 'சுத்தமாக இராதீர்கள்' என்றுதான் காதில் விழும். தரை போட்ட பிறகு சொன்னால் மனஸ்தாபம். மரத்தை அறுக்கும் முன்பே அவரிடம் உட்கார்ந்து பேசுங்கள். அறை அவருடையது, முடிவும் அவருடையதாக இருக்கட்டும்.

பேசும்போது விட்டுக் கொடுக்கவும் இடம் வையுங்கள். வாசலும் பூஜையிடமும் சமையலறையும் கல்லாகவே இருக்கட்டும். அங்கே அவர் இஷ்டம் போல் கழுவலாம், மாக்கோலம் போடலாம், கார்த்திகைக்கு அகல் வைக்கலாம். மர அறைக்கு மட்டும் தினம் மெத்தென்ற துடைப்பம். வாரம் ஒருமுறை, சொட்டுச் சொட்டாமல் இறுகப் பிழிந்த துணி. சோப்புத்தூள் வேண்டாம். வாசற்படியில் ஒரு மிதியடி கட்டாயம். மண் பரல்தான் மெருகை அரிக்கும். கட்டில் காலுக்கடியில் கம்பளித் துண்டு ஒட்டி விடுங்கள். இரவில் வெந்நீர்ச் செம்பு வைக்க ஒரு சிறு முக்காலி வையுங்கள்.

அத்தைக்கு இது சம்மதமில்லை என்றால், வருத்தப்பட வேண்டாம். அதே பலாவில் கட்டிலடிக்கு மட்டும் ஆறடிக்கு மூன்றடியில், தூக்கி எடுக்கிற மாதிரி ஒரு மரத் தட்டு செய்து போடுங்கள். கால் வைக்க அது போதும். தட்டைத் தூக்கி விட்டு அவர் தாராளமாகக் கழுவிக் கொள்ளட்டும். மிச்சப் பலகையில் அலமாரி செய்து கொள்ளலாம்.

எதைத் தீர்மானித்தீர்கள் என்பதை எழுதுங்கள், சகோதரி. தரையே போடுவதானால், ஒரு மழைக் காலம் கடந்த பிறகு சுவரோரத்து இடைவெளி எவ்வளவு குறைந்தது என்று அளந்து அதையும் எழுதுங்கள். மலையில் வீடு கட்டப் போகிற மற்றவர்களுக்கு அந்த அளவு நம் ஆலோசனையைவிட உபயோகமாக இருக்கும்.

அடுத்த வாரம்: மழைக் காலத்தில் இறுகிக் கொள்ளும் கதவுகளுக்கு என்ன செய்வது?